உங்கள் ஊர் ஏரிக்கு ஓர் இயற்கை ஆர்வலர்: தன்னார்வப் பணியைத் தொடங்குவது எப்படி?

பறவை, மரம், பட்டாம்பூச்சி, ஆமை என்று எதிலாவது ஆர்வம் இருக்கிறது. அதை வைத்து ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்றும் தோன்றுகிறது. ஆனால் யாரிடம் கேட்பது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் பொதுவாகச் சொன்னால் ஒன்றும் கைக்கு வராது என்பதால், ஊர் ஏரியையும் அதன் பறவைகளையும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம், ஊருணி என்று ஏதாவது ஒரு நீர்நிலை பக்கத்தில் இல்லாத ஊர் குறைவு. பறவைகள் பகலில் கண்ணுக்குத் தெரியும், எண்ண முடியும், கற்றுக்கொடுக்கவும் ஆள் உண்டு. புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஏரிக்கரையில் மரக்கன்று நட ஆள் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் பொறுக்கவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் வந்துவிடுவார்கள். ஓர் ஏரியில் என்னென்ன வாழ்கின்றன, எந்த மாதம் வருகின்றன, எந்த வருடம் குறைந்தன என்று ஐந்து வருடம் விடாமல் பார்த்து எழுதிவைத்த ஒருவரைத் தேடினால்தான் கிடைக்க மாட்டார். தூர்வாரும் திட்டமோ நடைபாதைத் திட்டமோ வரும்போது ஊருக்கு அவர்தான் வேண்டும். நீங்கள் அந்த ஒருவராக ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் இடத்தைப் பிடியுங்கள்

வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் ஒருமுறையாவது பார்த்துவர வேண்டிய இடங்கள். ஆனால் அங்கே பார்க்கவும் பதியவும் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம். வாரம் ஒருமுறை போக முடியாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

முதல் நாள் பைனாகுலர் எதுவும் இல்லாமல் ஏரியை முழுதாகச் சுற்றி வாருங்கள். மடை எத்தனை, உபரிநீர் வெளியேறும் கலிங்கு எந்தப் பக்கம், வரத்துக்கால்வாய் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே வந்து சேர்கிறது, உள்ளே நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கின்றனவா, சீமைக் கருவேலம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றெல்லாம் பார்த்து, ஒரு தாளில் கையாலேயே படம் வரைந்துவிடுங்கள். அந்தப் படத்தில் மூன்று நான்கு நிற்குமிடங்களைக் குறித்து எண் போடுங்கள். காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதாவது கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

அப்புறம், ஏரியில் ஏற்கெனவே புழங்குகிறவர்களிடம் பேசிவிடுங்கள். மடை திறப்பவர், மாடு மேய்ப்பவர்கள், துணி துவைக்க வருபவர்கள், மீன் குத்தகை எடுத்தவர். கையில் பைனாகுலரோடு கரையில் ஒருவர் நின்றால், இடம் அளக்க வந்திருக்கிறாரோ என்ற சந்தேகம் எந்த ஊரிலும் வரும். குத்தகைக்காரருக்கு நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீனைத் தின்னும் எதிரிகள். அவரிடம் முதல் நாளே போய், "அண்ணே, பறவை என்னென்ன வருதுன்னு எழுதிட்டு இருக்கேன், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்து, "நேத்து ராத்திரி ஒரு கூட்டம் வாத்து இறங்குச்சு தம்பி" என்று உங்களுக்குச் சொல்லப்போகிறவரும் அவர்தான்.

தனியாகப் போவதானால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உள்வாய்ச் சேற்றிலும் மண் அள்ளிய பள்ளங்களிலும் இறங்காதீர்கள். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அந்தப் பள்ளங்கள் வெளியே தெரியாது.

கண்ணைப் பழக்குவது

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தன்னார்வ இயற்கையாளர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. 40 மணி நேரப் பயிற்சியை முடித்து, அதன் பிறகு 40 மணி நேரம் சேவை செய்தால்தான் சான்றிதழ். நம் பக்கம் பயிற்சி என்றால் பெரும்பாலும் விவரம் தெரிந்த ஒருவருடன் காலையில் நடப்பதுதான். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த 40 மணி நேரக் கணக்கை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். அதுவரை யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கப் போக வேண்டாம், யாரையும் திருத்தவும் வேண்டாம். பார்ப்பது, எழுதுவது, கேட்பது மட்டும் போதும்.

பைனாகுலர் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். புதிதாக ஒரு பறவையைப் பார்த்தால் உடனே புத்தகத்தைப் புரட்டாமல் இதையெல்லாம் எழுதுங்கள்: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா, பருந்து அளவா? அலகு எப்படி? கால் என்ன நிறம்? தண்ணீரில் நீந்துகிறதா, நடக்கிறதா, கரையில் குந்தியிருக்கிறதா? வாலை ஆட்டுகிறதா? பறக்கும்போது சிறகில் வெள்ளைப் பட்டை தெரிகிறதா? இதையெல்லாம் எழுதிய பிறகு புத்தகத்தைத் திறந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கண் வர நாளாகும்.

பைனாகுலர் வாங்கும்போது 8x42 என்று கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்பதுதான் இதற்குப் பொருள். 10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும். 20, 30 மடங்கு, ஜூம் என்று விளம்பரத்தில் வருபவற்றின் பக்கமே போக வேண்டாம்.

முதல் மூன்று மாதத்தில் ஏரியின் முப்பது பறவைகளைத் தடுமாறாமல் சொல்ல வந்தால் போதும். முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, சின்ன நீர்க்காகம், பாம்புத்தாரா, மடையான், சாம்பல் நாரை, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான், செம்மூக்கு ஆட்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தி, கரும்பருந்து, செம்பருந்து, பனங்காடை, பஞ்சுருட்டான், இரட்டைவால் குருவி. இவற்றோடு தவிட்டுக்குருவி, செண்பகம், மைனா போன்ற ஊர்ப் பறவைகளையும் சேர்த்தால் முப்பது நெருங்கிவிடும்.

இதில் எல்லாரையும் தடுமாறவைப்பது வெள்ளைக் கொக்குகள்தான். வயலில் நிற்கும் வெள்ளையெல்லாம் கொக்கு என்று பழகிவிட்டோம். உண்மையில் நான்கு இருக்கின்றன. சின்ன வெண்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது மஞ்சள் காலுறை போட்டதுபோல் அது பளிச்சென்று தெரியும். உண்ணிக்கொக்கு கட்டை குட்டையானது, அலகு மஞ்சள், கழுத்து குட்டை, பெரும்பாலும் மாடுகளோடு இருக்கும். இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறும். மீதி இரண்டும்தான் சிக்கல். நடுத்தர வெண்கொக்கு, பெரிய வெண்கொக்கு இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கறுப்புக் கால். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உயரம் சொல்லிவிடும். தனியாக நின்றால் வாய்ப்பிளவைப் பாருங்கள். அலகிலிருந்து பின்னால் போகும் அந்தக் கோடு கண்ணுக்கு நேர்கீழே முடிந்தால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. அலகு நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம், ஏனென்றால் இனப்பெருக்க காலத்தில் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும். இந்த நான்கையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால், நீங்கள் எழுதும் எண்ணிக்கையை மற்றவர்கள் நம்பலாம்.

கைபேசியில் மெர்லின் செயலி பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நல்ல துணைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காத, உங்கள் காதுக்குத் தெரியாத பறவையைச் செயலி சொன்னது என்பதற்காகப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எண்ணிப் பதிவது

பறவைப் பதிவுக்கு ஈபேர்ட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது. இந்தியாவில் இதைப் பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு ஒருங்கிணைக்கிறது. கைபேசிச் செயலியில் கணக்குத் தொடங்கி, ஏரிக்குப் போனதும் பட்டியலை ஆரம்பித்தால், நடந்த தூரத்தையும் நேரத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் கொடுங்கள். முடிக்கும்போது, அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று செயலி ஒரு கேள்வி கேட்கும். அதற்கு ஆமாம் என்று சொல்லும்படி உங்கள் பதிவு இருக்க வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு, அரிதாக வந்த வாத்தை மட்டும் பதிந்தால் அந்தப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. எல்லாவற்றையும் பதிந்த பட்டியலில்தான், ஒரு பறவையின் பெயர் இல்லாததும் ஒரு தகவல் ஆகிறது. பத்துப் பட்டியலில் எட்டில் இருந்த முக்குளிப்பான் அடுத்த வருடம் இரண்டில்தான் இருந்தது என்றால் ஏரியில் ஏதோ மாறியிருக்கிறது. காக்கைகூட இல்லாத நாளின் பட்டியலையும் அனுப்புங்கள்.

எண்ணிக்கைக் கட்டத்தில் எண்ணிக்கையையே எழுதுங்கள். "நிறைய" என்பதற்குப் பதிலாகப் போடும் எக்ஸ் குறியைத் தளம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் பின்னால் யாருக்கும் உதவாது. ஆயிரம் நாமக்கோழி இருந்தால் எப்படி எண்ணுவது? முதலில் ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தின் மேல் கண்ணை ஓட்டி, பத்து, இருபது, முப்பது என்று போங்கள். கூட்டம் இன்னும் பெரியதென்றால் ஐம்பது அல்லது நூறாகத் துண்டு போடலாம். வலமிருந்து இடமாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை எண்ணி, இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தால் அதை எழுதலாம். பல இனம் கலந்த கூட்டம் என்றால் முதலில் மொத்தம், பிறகு அதில் எத்தனை பங்கு எது என்று பாருங்கள்.

வழக்கத்துக்கு மாறான பறவையையோ மிகப் பெரிய எண்ணிக்கையையோ பதிந்தால், உங்கள் பகுதிப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து மின்னஞ்சல் வரும். என்ன அடையாளம் பார்த்தீர்கள், படம் இருக்கிறதா என்று கேட்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம். புதியவருக்கு இலவசமாகக் கிடைக்கும் மிக நல்ல பயிற்சி அந்தக் கடிதங்கள்தான்.

செயலி கேட்காத ஒன்றையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள்: நீர்மட்டம். மடைப் படிக்கட்டில் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்பதே போதுமான அளவுகோல். ஏரி நிறைந்திருக்கும்போது முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், கூழைக்கடா. தண்ணீர் வடிந்து சேறு வெளியே வரும்போது நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், சின்னச் சின்ன உள்ளான்கள். நீர்மட்டக் கணக்கு இல்லாவிட்டால், பறவை குறைந்ததா அல்லது தண்ணீர் மாறியதால் இடம் மாறியதா என்று ஒரு வருடம் கழித்துச் சொல்ல முடியாது. அதே நிற்குமிடங்கள், அதே நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. விடிந்ததிலிருந்து எட்டரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும் காலம் என்பதால் முடிந்தால் வாரம் ஒருமுறை போங்கள். கோடையிலும் விட்டுவிடாதீர்கள்.

யாரோடு சேர்வது

கணக்கெடுப்பு நாட்கள்தான் மூத்தவர்களைச் சந்திக்க நல்ல சந்தர்ப்பம். 2015-லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். ஊருக்குப் போகும் நாட்கள் என்பதால் மாநிலத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பட்டியல் வரும். உங்கள் ஏரியிலேயே நின்று செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிப்ரவரியில் உலக அளவில் நான்கு நாள் கணக்கெடுப்பு ஒன்று நடக்கும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு உண்டு, அது 1987-லிருந்து நடக்கிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2011-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து அந்தப் பாசனக் குளங்களை எண்ணுகிறார்கள்.

வனத்துறையும் வருடத் தொடக்கத்தில் மாநிலம் முழுக்க ஒருங்கிணைந்த கணக்கெடுப்பை நீர்ப்பறவைகளுக்கும் நிலப்பறவைகளுக்கும் தனித்தனியாக நடத்துகிறது. இதில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மாவட்ட வன அலுவலகத்தில் டிசம்பரிலேயே பெயர் கொடுத்துவைப்பது நல்லது. பட்டியல் அனுப்பிப் பழகியவர் என்று சொன்னால் வரவேற்பு இருக்கும்.

சென்னையில் 1978-லிருந்து இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போல, பல ஊர்களில் இயற்கைக் குழுக்கள் இருக்கின்றன. கோவைப் பக்கம் பட்டாம்பூச்சியில் ஆழமாகப் போனவர்கள் உண்டு. செப்டம்பர் மாதம் நாடெங்கும் பட்டாம்பூச்சிகளுக்காக ஒதுக்கப்பட்டது. செடி, பூச்சி, தவளை என்று எதையாவது படம் எடுத்துப் பெயர் கேட்க ஐநேச்சுரலிஸ்ட் தளம் போதும். எல்லாக் குழுவிலும் சேர்ந்து எல்லா வாட்ஸ்அப்பிலும் இருப்பதைவிட, ஒரு குழுவோடு ஒரு வருடம் ஒழுங்காக நடப்பதுதான் கைகொடுக்கும்.

கை வைக்கக் கூடாதவை

நீங்கள் ஏரிக்குப் போகிறீர்கள் என்று தெரிந்ததும், அடிபட்ட பறவை, வீட்டுக்குள் வந்த பாம்பு என்று எல்லாவற்றுக்கும் உங்களுக்குத்தான் போன் வரும். இதில் தெளிவாக இருந்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட உயிர்களைப் பிடிப்பதும், அவற்றின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும் குற்றம். ஆர்வலர் என்பதற்காகச் சலுகை கிடையாது.

பாம்பு என்றால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை ஆட்களைத் தள்ளி நிற்கவைப்பதுதான் உங்கள் வேலை. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதற்கும் இடம்கொடுக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பை அடித்து எடுத்துப் போகவும் தேவையில்லை.

தரையில் கிடக்கும் குஞ்சைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்திலேயே இருக்கும். நாயும் பூனையும் வராத உயரமான கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

செம்மூக்கு ஆட்காட்டி கூடு கட்டாது. ஏரியோரக் கட்டாந்தரையில் சரளைக் கற்களுக்கு நடுவே பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அந்த முட்டைகள் இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டு அது பாய்ந்து பாய்ந்து வந்தால், முட்டையைத் தேடாதீர்கள். வந்த தடத்திலேயே அடி பார்த்துத் திரும்பி நடங்கள். கூட்டமாகக் கூடு கட்டும் மரங்களின் கீழும் போக வேண்டாம், ட்ரோனும் பறக்கவிட வேண்டாம். நாரைகள் கூட்டை விட்டு எழுந்து வெகுநேரம் திரும்பாவிட்டால் வெயிலில் முட்டை கெட்டுவிடலாம், காக்கைக்கும் பருந்துக்கும் அதுதான் நேரம். கூட்டின் இடத்தை ஃபேஸ்புக்கில் போடவே கூடாது.

எழுதியதை ஊருக்குப் பயன்படவைப்பது

திருப்பூர் அருகே நஞ்சராயன் குளத்தில் உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் பதிவு செய்தார்கள். 2022-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எல்லாக் குளமும் சரணாலயம் ஆகாது, ஆகவும் வேண்டாம். ஆனால் பதிவு இருந்த இடத்தில்தான் பேச முடிந்தது.

முதலில் ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். நகரத்துக்குள் என்றால் நகராட்சியோ மாநகராட்சியோ. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால் பதில் வருவதற்குள் ஜேசிபி வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரிச் சீரமைப்பு என்ற பெயரில் நடக்கும் பல வேலைகள் பறவைக்கு உதவுவதில்லை. ஓரம் முழுக்கச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டு, உள்ளே ஒரே ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். உள்ளானுக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் நிற்கத் தேவையான தண்ணீர் சில அங்குலம்தான். சரிவான ஓரம் போய்விட்டால் அவையும் போய்விடும். வெறும் தரையாகக் கிடக்கும் கரையில் மரக்கன்று நடுவதும் அப்படித்தான், அது ஆட்காட்டி முட்டையிடும் இடமாக இருக்கலாம். திட்டத்தையே எதிர்த்து நின்றால் ஊரும் உங்களோடு வராது, ஏனென்றால் ஊருக்குத் தண்ணீரும் வேண்டும், நடக்க இடமும் வேண்டும். அதனால் குறிப்பாகக் கேளுங்கள்: ஒரு பக்கம் மட்டும் சரிவை அப்படியே விடுங்கள். தோண்டிய மண்ணை உள்ளே திட்டாகப் போட்டு நாட்டுக் கருவேலம் நடுங்கள். கூடு இருக்கும் மாதங்களில் மரத்தை வெட்டாதீர்கள். இந்த மூன்றும் செலவைக் கூட்டாத கோரிக்கைகள், பொறியாளர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மனு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மேலே உங்கள் கைப்படம், கீழே எந்த மாதம் என்ன இனம், எத்தனை, எந்த மரத்தில் எத்தனை கூடு. உணர்ச்சிகரமான வாசகங்கள் வேண்டாம். எண்ணும் தேதியும் போதும். ஊராட்சி என்றால் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தூர்வாரும் வேலைகள் கோடையில் நடப்பதால், மார்ச் 22 கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வாசலும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்ததில், நாடெங்கும் பல பதிவேடுகள் அவசர அவசரமாக எழுதப்பட்டன. ஊராட்சி அலுவலகத்தில் உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். விடுபட்ட பறவைகளையும் மரங்களையும், மருந்துச் செடிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதையும் எழுதிச் சேர்க்க உதவுகிறேன் என்று சொன்னால், வேண்டாம் என்பவர்கள் குறைவு. இரண்டு வருடம் ஏரியில் நடந்த ஒருவர் ஊருக்குச் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை இதுதான் என்பேன்.

கடலோரம் இருப்பவர்களுக்கு

உங்கள் ஊர் கடற்கரை என்றால் ஏரிக்குப் பதில் ஆமையை எடுத்துக்கொள்ளலாம். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டைக்கும் மேல் இடும். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988-லிருந்து கரையோரம் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிவருகிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்கிறார்கள். முதலில் அவர்களோடு நடந்து பாருங்கள். முட்டையைத் தொடுவதும் இடம் மாற்றுவதும் அனுமதி பெற்ற குழுக்களின் வேலை. டார்ச் அடிக்கக் கூடாது, ஆமையின் முன்னால் போய் நிற்கக் கூடாது.

இன்னொரு வேலை மனதுக்குக் கஷ்டமானது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் ஆமை மூழ்கிவிடும். எந்தத் தேதி, எந்தக் கரை, எத்தனை என்று யாராவது விடியற்காலையில் நடந்து எண்ணியிருந்தால்தான் அரசிடமும் மீனவர்களிடமும் பேச முடியும். இன்னொன்று விளக்கு. பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் போகும், சாலை விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைக்குப் போய்விடும். கரையோர வீடுகளில் ஏறி இறங்கி, குஞ்சு பொரியும் மாதங்களில் கடல் பக்க விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும். அதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம், பொறுமை போதும்.

மற்றவர்களை அழைத்துப் போவது

உங்கள் 40 மணி நேரம் முடிந்த பிறகு பள்ளிக்குப் போங்கள். அரசுப் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை அல்லது சுற்றுச்சூழல் மன்றத்துக்கு ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், கூட ஓர் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போகக் கூடாது.

பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் வேண்டாம். பெயரைச் சொல்லாமல் வேலை கொடுங்கள். ஒரு மடையானைக் காட்டி, "அந்தப் பறவை மேல பத்து நிமிஷம் கண்ண வைங்க, எத்தனை தடவை குத்துது, எத்தனை தடவை மீன் சிக்குதுன்னு எண்ணுங்க" என்று சொன்னால், சத்தம் போடும் பிள்ளைகூட அமைதியாகிவிடும். அது பறக்கும்போதுதான், மண் நிறத்தில் இருந்த பறவைக்குள் இவ்வளவு வெள்ளைச் சிறகா என்று வாயைப் பிளப்பார்கள். பெயரை அப்போது சொல்லுங்கள், மறக்காது. வீட்டில் பாட்டி அந்தப் பறவையை என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டுவரச் சொல்லி, அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.

பெரியவர்களிடம் பாடம் நடத்த வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே நிறுத்திப் பல காலம் ஆகிறது. எந்த ஆர்வலரும் போய்ச் சொல்லி நடந்ததில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஏதாவது வழக்கம் இருந்திருக்கலாம், கேட்டு எழுதுங்கள்.

நாலைந்து முறை வந்தவர்களில் ஓரிருவர் தானாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். அவர்களிடம் ஒரு நிற்குமிடத்தை ஒப்படையுங்கள். ஈபேர்டில் ஒரே பட்டியலைச் சேர்ந்து நடந்தவர்களுக்கும் பகிரலாம், அவர்கள் பெயரிலும் பதிவாகும். நீங்கள் வெளியூர் போகும் வாரத்தில் அவர்கள் எண்ணட்டும். முதல் சில முறை எண்ணிக்கையில் உங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் வரும். இருவரும் ஒரே இடத்தில் நின்று தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். வருடக் கடைசியில் நோட்டை நகலெடுத்து, ஒன்றைப் பள்ளி நூலகத்திலும் ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.